தசை இறுக்கத்தை அளக்கும் சென்சார் தடுமாறுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மூட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அசைவு சென்சார்கள். இழுபடும் தசையின் மேல், அதன் மின்செயல்பாட்டைப் பதியும் இஎம்ஜி எலக்ட்ரோடுகள். சில இடங்களில் பிசியோதெரபிஸ்ட்டின் உள்ளங்கைக்கும் நோயாளியின் கைக்கும் நடுவே ஒரு விசை சென்சார். பக்கவாதம், பெருமூளை வாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றால் வரும் தசை இறுக்கத்தை, அதாவது ஸ்பாஸ்டிசிட்டியை, அணியும் கருவிகளால் அளக்கும்போது அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கருவியில் வரும் கோளாறு பெரும்பாலும் கோளாறு மாதிரி தெரியாது. நோயாளிக்கு இறுக்கம் கூடிவிட்டது போலவோ, சிகிச்சை வேலை செய்து குறைந்துவிட்டது போலவோதான் திரையில் தெரியும். அந்த எண்ணைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றிவிட்டால் விஷயம் எங்கேயோ போய்விடும். அதனால் எண் மாறினால் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்: நீட்டிய விதம் மாறியதா? கருவி மாறியதா? நோயாளி மாறினாரா? என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட குழப்பங்கள் முதல் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

எதை அளக்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் சொன்ன வரையறைதான் இன்றும் அடிப்படை: தசையை நீட்டும் வேகம் கூடக்கூட அதன் அனிச்சை எதிர்ப்பும் கூடுவது ஸ்பாஸ்டிசிட்டி. ஆக, வேகத்தைக் குறிக்காத அளவீடு பாதி அளவீடுதான். வேறு வேறு வேகத்தில் நீட்டிப் பார்க்கும் டார்டியூ முறையில் வி1 என்பது முடிந்தவரை மெதுவாக நீட்டுவது, வி3 என்பது முடிந்தவரை வேகமாக நீட்டுவது. வேகமாக நீட்டும்போது தசை திடீரென்று பிடித்து நிறுத்தும் கோணம் ஆர்1. மெதுவாக நீட்டினால் கிடைக்கும் முழு வீச்சு ஆர்2. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் அனிச்சையின் பங்கு அதிகம். கீழே வரும் சோதனைகள் பலவும் இந்த நாலைந்து சொற்களைச் சுற்றியே வரும்.

கை அசையாமல் கிடக்கிறது, ஆனால் கோணம் நகர்ந்துகொண்டே போகிறது

இது அசைவு சென்சாருக்குள் இருக்கும் கைரோஸ்கோப்பின் பூஜ்யப் பிழை. கைரோஸ்கோப் சுழலும் வேகத்தை அளக்கிறது. அதைக் கூட்டிக் கூட்டித்தான் கோணம் கிடைக்கிறது. நின்ற நிலையிலேயே நொடிக்கு 0.5 டிகிரி என்று பொய்யாகக் காட்டினால், ஒரு நிமிடத்தில் 30 டிகிரி தானாகச் சேர்ந்துவிடும். வெப்பநிலை மாறினால் இந்தப் பிழையும் மாறும். எனவே பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியவுடன் அளக்காதீர்கள். உடல் சூட்டுக்குச் சென்சார் பழகச் சில நிமிடங்கள் விடுங்கள். அப்புறம் மூட்டை அசையாமல் வைத்து ஐந்து நொடிப் பதிவு எடுத்து, அதன் சராசரியைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் இந்தப் பிழையைக் கண்டு ரொம்பவும் பயப்பட வேண்டியதில்லை. வேகமான ஒரு நீட்டல் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் சேரும் பிழை அரை டிகிரி. ஒவ்வொரு நீட்டலுக்கும் முன்னால் கையை ஒரு நொடி நிறுத்தி, அங்கிருந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கினாலே போதும்.

நகர்வு பக்கவாட்டு அசைவில் மட்டும் வருகிறதா? உதாரணமாக, முழங்கையை மேசை மேல் வைத்துக் கிடைமட்டமாக நீட்டும்போது? அப்படியானால் காரணம் வேறு. அதே சென்சாரில் உள்ள, முடுக்கத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் புவியீர்ப்பை வைத்துச் சாய்வைக் கண்டுபிடிக்கிறது. கிடைமட்டச் சுழற்சியில் அந்தத் திசை மாறுவதே இல்லை, ஆகவே திருத்த அதற்கு வழியில்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய காந்தமானி, இரும்புக் கட்டிலோ சக்கர நாற்காலியோ பக்கத்தில் இருந்தால் தடுமாறும். நீட்டல் மேலும் கீழுமாக நடக்கும்படி நோயாளியின் நிலையை மாற்றுவது, மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிடச் சுலபம்.

வேக கிராஃபின் உச்சி தட்டையாக இருக்கிறது

மலை போல் ஏறி இறங்க வேண்டிய கோடு மேலே கத்தரித்தது போல் இருந்தால், கைரோஸ்கோப்பின் அளவெல்லை தாண்டிவிட்டது என்று பொருள். பரவலாகப் புழங்கும் எம்பியூ-6050 சிப்பின் இயல்பான அமைப்பு நொடிக்கு ±250 டிகிரி. முழங்கையையோ முழங்காலையோ வி3 வேகத்தில் நீட்டினால் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டலாம்.

இது நோயாகவே வேடம் போடும் கோளாறு. கத்தரிக்கப்பட்ட வேகத்தைக் கூட்டினால் கோணம் குறைவாக வரும். கை 90 டிகிரி போயிருக்கும், கணக்கு 70 என்று சொல்லும். மெதுவாக நீட்டும்போது இந்தப் பிழை வராது. விளைவு, ஆர்2 சரியாகவும் ஆர்1 குறைவாகவும் கிடைத்து, இல்லாத இறுக்கம் இருப்பதாகத் தெரியும்.

அளவெல்லையை ±1000 அல்லது ±2000 என்று மாற்றுங்கள். 16 பிட் சிப்பில் ±2000 வைத்தாலும் மிகச் சிறிய படி நொடிக்கு 0.06 டிகிரிதான்; நுணுக்கம் ஒன்றும் கெட்டுவிடாது. கூடவே ஆக்சிலரோமீட்டரையும் பாருங்கள். முழங்கையிலிருந்து 25 செ.மீ. தள்ளி மணிக்கட்டருகே கட்டிய சென்சார் நொடிக்கு 400 டிகிரி வேகத்தில் சுழன்றால், சுழற்சியால் மட்டுமே 1.2 ஜி-க்கு மேல் முடுக்கம் வரும். அதனுடன் புவியீர்ப்பும் சேர்ந்தால் ±2 ஜி எல்லை போதாது. ±8 ஜி வைத்துவிடுங்கள்.

கோனியோமீட்டர் ஒன்று சொல்கிறது, சென்சார் ஒன்று சொல்கிறது

கோனியோமீட்டர் என்பது மூட்டின் கோணத்தைக் கையால் அளக்கும் கருவி. அதற்கும் சென்சாருக்கும் உள்ள வித்தியாசம் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவா, அல்லது கோணம் கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள். 30, 60, 90 டிகிரியில் நிறுத்தி ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

எங்கும் ஒரே அளவென்றால் தொடக்க நிலைதான் சரியாகப் பதியவில்லை. சொன்ன நிலையில் மூட்டை வைத்து மறுபடி பூஜ்யமாக்குங்கள். முழங்கை முழுதாக நீளாதவருக்கு ‘முழு நீட்சி பூஜ்யம்’ என்று வைக்கக் கூடாது. கோனியோமீட்டரால் அளந்து, அந்த உண்மையான கோணத்தைத் தொடக்கமாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் சுருங்கிப்போன மூட்டுக்கூட இயல்பாகத் தெரியும்.

கூடிக்கொண்டே போனால், சென்சாரின் அச்சு மூட்டின் அச்சோடு சாய்ந்திருக்கிறது. மூட்டை மெதுவாகச் சில முறை மடக்கி நீட்டி, எந்த அச்சில் சுழற்சி வருகிறது என்று மென்பொருளே கண்டுகொள்ள விடும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கண்ணால் பார்த்து ‘நேராகத்தான் இருக்கிறது’ என்று கட்டுவது நம்பத்தக்கதல்ல.

மெதுவாக நீட்டும்போது சரியாகவும், வேகத்தில் மட்டும் தப்பாகவும் வந்தால் சென்சார் சதையோடு சேர்ந்து ஆடுகிறது. தசை திரண்ட இடத்தில் கட்டாதீர்கள். காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பின் (டிபியா) உட்பக்கத் தட்டைப் பரப்பு, முன்கையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே புறங்கைப் பக்கம் என எலும்பு தோலுக்கு அருகே இருக்கும் இடங்களே நல்லவை. ஸ்ட்ராப் ஆடாமல் இருக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. இவர்களில் பலருக்குத் தொடு உணர்வு குறைவு. வலித்தால் சொல்லுவார்கள் என்று காத்திருக்க முடியாது. கழற்றியதும் தோலைப் பாருங்கள்.

ஓய்வில் இருக்கும்போதே இஎம்ஜி கோடு தடிமனாக இருக்கிறது

கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீரான அலை, நொடிக்கு 50 அல்லது 60 என்று வந்தால் அது மின்கம்பியின் இரைச்சல். உடனே ஃபில்டரைப் போட்டு அழிக்கத் தோன்றும், வேண்டாம். அந்த இரைச்சல் உள்ளே வருவதே எலக்ட்ரோடு சரியாக ஒட்டாததால்தான். இரைச்சலை அழித்தாலும் மோசமான தொடர்பு அப்படியே இருக்கும். ரோமத்தை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு புது எலக்ட்ரோடு ஒட்டுங்கள். இரண்டு எலக்ட்ரோடுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 20 மி.மீ., தசை நார் ஓடும் திசையிலேயே ஒட்ட வேண்டும் என்பது தோல்மேல் இஎம்ஜி எடுப்பதற்கான செனியம் வழிகாட்டியின் பரிந்துரை. கட்டிலின் மின்மோட்டார் செருகியிருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

இதயத் துடிப்புக்கு ஏற்ப ஒரு முள் மாதிரி வந்தால் அது இதய மின்னோட்டம். மார்பு, இடது தோள் பக்கம் சகஜம்.

ஒழுங்கில்லாத, சலசலப்பான தடிமன் என்றால் அது நிஜமாகவே தசையின் செயல்பாடாக இருக்கலாம். கைக்கு அடியில் தலையணை கொடுத்து, இரண்டு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். அடங்கினால் அவர் தளரவில்லை, அவ்வளவுதான். அப்போதும் அடங்காமல் தொடர்ந்தால் அதைக் கோளாறு என்று ஒதுக்காமல் குறித்து வையுங்கள். மூளை, தண்டுவடத்தில் உள்ள மேல்நிலை இயக்க நரம்புகளின் பாதிப்பில் ஓய்விலும் அடங்காத தசைச் செயல்பாடு உண்டு. அந்தப் பேஸ்லைனை (ஓய்வுநிலைக் கோட்டை) வைத்துத் தசை எப்போது கிளம்பியது என்று தானியங்கியாகக் கண்டுபிடித்தால் விடை தப்பும். சராசரிக்கு மேல் மூன்று மடங்கு திட்டவிலக்கம் என்ற வழக்கமான எல்லை, அமைதியான பேஸ்லைனை நம்பித்தான் போடப்படுகிறது.

கையை இழுத்தவுடன் இஎம்ஜியில் பெரிய மந்தமான அலை எழுகிறது

கம்பி ஆடுகிறது, அல்லது எலக்ட்ரோடுக்கு அடியில் தோல் இழுபடுகிறது. இந்தக் குப்பையில் பெரும்பகுதி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கும். கம்பியைத் தோலோடு டேப் போட்டு ஒட்டுங்கள்; 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் ஃபில்டர் வையுங்கள். பதிவு வேகம் நொடிக்கு 1000-க்குக் குறையக் கூடாது.

கணுக்கால் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, கிராஃபில் இல்லை

யாரோ அசைவு சிக்னலை அளவுக்கு மீறி வழவழப்பாக்கிவிட்டார்கள். நீட்டிய தசை தாளமாகத் துடிக்கும் இந்தக் குளோனஸ் நொடிக்கு 5 முதல் 8 துடிப்பு வரை வரும். 5 ஹெர்ட்ஸில் வெட்டும் ஃபில்டர் வைத்தால் அது மறைந்துவிடும். பிடிப்பின் கூர்மையும் மழுங்கிவிடும். வெட்டும் எல்லையை 20 ஹெர்ட்ஸ் பக்கம் உயர்த்துங்கள்.

பிடிப்புக் கோணம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறது

அதிகம் வரும் புகார் இது. கருவியைக் குறை சொல்வதும் இதற்காகத்தான் அதிகம். ஆனால் கருவி இங்கே குற்றவாளியாக இருப்பது குறைவு.

முதலில் ஒவ்வொரு நீட்டலின் உச்ச வேகத்தையும் எழுதி, பக்கத்தில் பிடிப்புக் கோணத்தை எழுதுங்கள். வேகம் கூடும்போது பிடிப்பு முன்கூட்டியே வருகிறதென்றால், சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது; நீட்டிய கைதான் ஒரே மாதிரி இல்லை. நான் உச்ச வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகிய நீட்டல்களை ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் நீட்டினால் இந்த வித்தியாசம் இன்னும் பெருகும். தொடக்கக் கோணத்தையும் கவனியுங்கள். பாதி வழியிலிருந்து தொடங்கினால், வேகம் எடுப்பதற்குள் பிடிப்பு வந்துவிடும்.

வேகம் ஒத்திருந்தும் கோணம் தாவுகிறதா? அடுத்தது இடைவெளி. அடுத்தடுத்து நீட்டினால் அனிச்சை தற்காலிகமாக மங்கும்; தசையும் சற்று இளகிக் கொடுக்கும். அதனால்தான் முதல் நீட்டலில் கடுமையாகவும் நாலாவதில் சாதுவாகவும் தெரியும். நீட்டல்களுக்கு நடுவே குறைந்தது பத்து நொடி விடுங்கள். முதல் நீட்டலைத் தனியாகக் குறித்து வையுங்கள், மற்றவற்றோடு கலந்து சராசரி எடுக்காதீர்கள்.

அப்புறம் உடல் நிலை. இரண்டு மூட்டுகளைத் தாண்டும் தசைகளில் பக்கத்து மூட்டின் கோணம் விடையையே மாற்றிவிடும். கெண்டைக்கால் தசையை அளக்கும்போது முழங்கால் மடங்கியிருந்ததா நீண்டிருந்ததா, தொடையின் பின்தசைக்கு இடுப்பு எந்தக் கோணத்தில் இருந்தது, மேற்கையின் முன்தசைக்குத் தோள் எங்கே இருந்தது என்றெல்லாம் எழுதியே ஆக வேண்டும். படுத்து அளந்ததை உட்கார்ந்து அளந்ததோடு ஒப்பிடாதீர்கள். இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபன் மாத்திரை சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்பதும் பதிவில் இருக்கட்டும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்த அளவையும் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் எடுத்த அளவையும் ஒன்றாக வைத்தால், மருந்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளக்கிறீர்கள்.

இவ்வளவும் சரியென்றால் பிடிப்பை மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை வேகம் சட்டென்று விழும் புள்ளியையே பிடிப்பு என்கின்றன. மூட்டின் வீச்சு முடிந்தாலும் வேகம் விழும். நீட்டுகிறவர் பயந்து கையைத் தளர்த்தினாலும் விழும். அந்தப் புள்ளிக்குச் சற்று முன்னால் இஎம்ஜியில் ஒரு வெடிப்பு இருந்தால் மட்டுமே அதைத் தசையின் பிடிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இஎம்ஜி வெடிப்பு, அசைவு தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது

நீட்சி அனிச்சைக்கு நரம்பில் போய்வர நேரம் வேண்டும். முழங்கை மடக்கும் தசைகளில் சுமார் 20 முதல் 30 மில்லிநொடி, கெண்டைக்காலில் சுமார் 40. ஆக வெடிப்பு முன்னால் வந்தால் இரண்டில் ஒன்று. நோயாளி ‘இதோ இழுக்கப் போகிறார்’ என்று எதிர்பார்த்துத் தானே இறுக்குகிறார், இல்லையென்றால் இரண்டு சென்சார்களின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை.

முதலாவதைப் பார்க்க, எப்போது இழுப்பீர்கள் என்று தெரியாதபடி இடைவெளிகளை மாற்றி இழுங்கள். இரண்டாவதற்கு விரலால் தட்டும் சோதனை போதும். அசைவு சென்சாரையும் இஎம்ஜி எலக்ட்ரோடையும் ஒரே தட்டில் அதிர வைத்து, இரண்டு கோட்டிலும் முள் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் தட்டுங்கள். வித்தியாசம் இரண்டு இடத்திலும் ஒன்றென்றால் அதைக் கழித்துவிட்டால் தீர்ந்தது. முடிவில் கூடியிருந்தால் ஒரு கருவியின் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. இடையில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் விகிதப்படி நகர்த்த வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. நொடிக்கு 300 டிகிரி வேகத்தில் 50 மில்லிநொடித் தாமதம் 15 டிகிரி பிழை. புளூடூத் வழியாக வரும் நேரத்தை நம்பாமல், சென்சாருக்குள்ளேயே முத்திரையிடப்படும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். அசைவைப் பதியும் வேகம் 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே 3 டிகிரி போய்விடும்; 200 வைத்தால் பாதியாகும். ஃபில்டரும் தாமதம் செய்யும்: 100 மில்லிநொடி நகரும் சராசரி, கோட்டை ஏறக்குறைய 50 மில்லிநொடி தள்ளிவிடும்.

மூட்டு கல் மாதிரி இறுகியிருக்கிறது, இஎம்ஜி அமைதியாக இருக்கிறது

எலக்ட்ரோடு செத்துவிட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். தசைநாணைச் சுத்தியலால் தட்டுங்கள், முடிந்தால் அவரையே தசையை இறுக்கச் சொல்லுங்கள். கோடு எழுந்தால் எலக்ட்ரோடு நன்றாக இருக்கிறது.

அடுத்து, மெதுவாக நீட்டுங்கள். மெதுவாக நீட்டும்போதும் அதே இடத்தில் முட்டுகிறது, ஆர்1-உம் ஆர்2-உம் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, இஎம்ஜி எழவில்லை என்றால், அது பெரும்பாலும் தசையும் இணைப்புத் திசுவும் சுருங்கிப்போன நிலை. இங்கே சென்சார் தந்திருப்பது பிழையே இல்லை. கையால் மட்டும் பார்த்தால் தெரியாத முக்கியமான தகவல். பொட்டுலினம் ஊசி தசையின் செயல்பாட்டைக் குறைக்கும்; சுருங்கிய திசுவை நீட்டாது. பல நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே இருக்கும் என்பதால், எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கருவிக்கே மதிப்பு.

ஒரு விதிவிலக்கு. கீழ்க்காலின் ஆழத்தில் இருக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர், விரல்களை மடக்கும் ஆழத் தசை போன்றவை தோல் எலக்ட்ரோடுக்கு எட்டாது. தடிமனான கொழுப்பு அடுக்கும் சிக்னலை விழுங்கும். அத்தகைய தசை மேல் சந்தேகம் இருந்தால், மேற்பரப்பு அமைதியை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

மெதுவாகவும் வேகமாகவும் ஒரே எதிர்ப்பு, இஎம்ஜியோ இரண்டிலும் தொடர்ந்து எழுந்தே இருக்கிறது என்றால் பார்க்கின்சன் வகை விறைப்பாக இருக்கலாம். நோயறிதலை மருத்துவரிடம் விட்டுவிட்டு, இரண்டு வேகத்தின் பதிவையும் அவருக்குக் காட்டுங்கள்.

ஆஷ்வொர்த் மதிப்பெண் 2, சென்சார் ‘லேசானது’ என்கிறது

ஆஷ்வொர்த் அளவுகோல் 1964-இல் வந்தது. 1987-இல் போஹானனும் ஸ்மித்தும் 1+ என்ற படியைச் சேர்த்துத் திருத்தினார்கள். அது நீட்டுபவரின் கைக்குத் தெரியும் மொத்த எதிர்ப்பைச் சொல்கிறது, அனிச்சையையும் திசுச் சுருக்கத்தையும் பிரிக்காமல். சென்சார் அவற்றைப் பிரிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சென்சார் எண்ணை ஆஷ்வொர்த் மதிப்பெண்ணோடு பொருந்தும்படி திருகித் திருத்துவதுதான் தப்பு.

வீட்டில் அணிந்த பதிவில் நாள் முழுக்க இறுக்கம் என்று வருகிறது

வீட்டில் யாரும் அளவான வேகத்தில் நீட்டுவதில்லை. தானாக அசைத்ததையும் தசை துள்ளியதையும் மென்பொருளால் எளிதில் பிரிக்க முடியாது. துள்ளல் வரும்போது அழுத்த ஒரு பொத்தானும், தூக்க நேரம், மருந்து நேரம் எழுத ஒரு தாளும் இருந்தால்தான் அந்தப் பதிவு உருப்படும்.

எல்லாம் சரியாக இருக்கிறது, எண் மட்டும் திடீரென்று எகிறிவிட்டது

வேகம் ஒத்திருக்கிறது, நிலை ஒத்திருக்கிறது, தட்டும் சோதனையும் சரி. ஆனால் போன வாரத்தைவிட இறுக்கம் வெகுவாகக் கூடியிருக்கிறது. இனி சென்சாரை விட்டுவிட்டு நோயாளியைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப் புண், நகம் சதைக்குள் வளர்வது, கவனிக்கப்படாத எலும்பு முறிவு என வலியோ எரிச்சலோ தரும் எதுவும் ஸ்பாஸ்டிசிட்டியைக் கூட்டும். மருந்து தவறியதா என்றும் கேளுங்கள். வயிற்றுத் தோலுக்கடியில் பேக்லோஃபன் பம்ப் வைத்தவருக்கு அரிப்பு, காய்ச்சலோடு இறுக்கம் கூடினால் மருந்து போவது நின்றிருக்கலாம். அது அவசர நிலை, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

தண்டுவடக் காயம் மார்பு ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ உள்ளவருக்கு அளக்கும்போதே தலைவலி மண்டையைப் பிளந்தால், காயத்துக்கு மேலே முகம் சிவந்து வேர்த்தால், அளவீட்டை அங்கேயே நிறுத்துங்கள். ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நிலை அது; நீங்கள் கட்டிய ஸ்ட்ராப்பே அதைத் தூண்டியிருக்கலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஸ்ட்ராப்புகளையும் இறுக்கமான உடையையும் கழற்றுங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். பாதியில் நின்ற பதிவை அழிக்காமல், நின்ற நேரத்தையும் காரணத்தையும் அதிலேயே எழுதி வையுங்கள்.